பக்கத்தின் அடியில் மிஞ்சிய இடம்

மார்ச் 3

தம்பிக்கு,

உன் வீட்டு விலாசம் எனக்குத் தெரியாது. போன் போட்டால் மணியே அடிக்காமல் நின்றுவிடுகிறது. நம்பரை மாற்றினாயா, என்னைத் தடுத்து வைத்திருக்கிறாயா என்று துப்பறிய எனக்குப் பொழுது இல்லை. உன் கம்பெனியின் இணையதளத்தில் ‘பழைய இதழ்கள் பிரிவு’ என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் உன் படமும் மெயில் விலாசமும் கிடைத்தன. முன்வழுக்கை விழுந்திருக்கிறது. நலமா என்று கேட்கப்போவதில்லை. காரியத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் நத்தைக் கட்டுரை நினைவிருக்கும். கல்லூரியில் விலங்கியல் நடத்திய இத்தனை வருஷத்தில் அவர் எழுதிய ஒரே கட்டுரை. அவரும் அவர் சிநேகிதர் தாடி மாமாவும் சேர்ந்து நடத்திய விலங்கியல் சங்கத்து இதழில் வந்தது. நாம் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தபால்தலை ஒட்டிக் கொடுப்போமே, அதே இதழ்தான். சங்கம் கலைந்த பிறகு அதன் உரிமை கைமாறிக் கைமாறி உன் கம்பெனிக்கு வந்திருக்கிறது. நீங்கள் ஸ்கேன் செய்து உங்கள் மின்நூலகத்தில் ஏற்றிவிட்டீர்கள். கம்ப்யூட்டரில்தான் வந்துவிட்டதே என்று கல்லூரி நூலகத்தில் அச்சுப் பிரதிகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்கள். அப்பா தன்னிடம் இருந்த பிரதிகளையும் அவர்களுக்குத்தான் தூக்கிக் கொடுத்திருந்தார். ஆகவே உங்களிடம் இருப்பதுதான் மிச்சம்.

போன வாரம் ஒரு அம்மா மெயில் அனுப்பினார். நன்னீர் நத்தைகளைப் பற்றிப் பெரிய தொகுப்பு நூல் ஒன்று தயாரிக்கிறார். எந்த நத்தையை முதலில் யார், எங்கே பார்த்தார் என்றெல்லாம் அதில் இருக்கும். இனி ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் புரட்டுவார்களாம். அப்பாவின் ஓடை நத்தையைச் சேர்க்கப்போவதாகப் போன வருஷமே எழுதியிருந்தார். அன்றிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போது அதே அம்மா மிகவும் மரியாதையாகக் கேட்கிறார், ‘தங்கள் தந்தையின் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்று நூலகத்தில் உள்ளதே, அதில் என்ன தவறு?’ என்று.

திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கொட்டை எழுத்தில், சிவப்பில், ‘திரும்பப் பெறப்பட்டது’.

அப்பாவுக்கு இது தெரியாது. கண் மங்கிவிட்டதால் எழுத்தை ஏகத்துக்குப் பெரிதாக்கித்தான் படிக்கிறார். அப்படிப் பெரிதாக்கினால் திரையில் வெறும் சிவப்புப் பட்டைதான் தெரியும். “இது என்னம்மா செவப்பா?” என்று கேட்டார். “லைப்ரரி சீலுப்பா” என்றேன். “அதுக்காக இவ்ளோ பெருசாவா குத்துவாங்க? படிக்கிறவன் வேணாமா?” என்று சலித்துக்கொண்டார். அவர் தினமும் திறப்பது கடைசிப் பக்கத்தை, அதிலும் கடைசி வரியை. ‘ஓடையிலும் குளத்திலும் இறங்கித் தேடிய என் மனைவிக்கு நன்றி.’ அம்மாவைப் பற்றி அச்சில் இருப்பது அந்த ஒரு வரிதான்.

தொகுப்பு ஏப்ரல் கடைசியில் முடிகிறது. அதற்குள் அந்தச் சிவப்பை எடுத்துக் கொடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

இனி என் சொந்த மெயிலுக்கு எழுது. ஆபீஸ் மெயிலை நாலு பேர் படிப்பார்கள். படித்தும்விட்டார்கள். முன்வழுக்கையைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்கள்.

முத்திரை விழாத மூலப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். நான் இங்கே சேர்வதற்கு முன்பே ஏற்றியது. நம் வீட்டு இதழ் இந்த நூலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். அப்பாவின் கட்டுரை கடைசிப் பக்கத்தில் பாதியோடு முடிகிறது. அம்மாவின் வரிக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மிஞ்சிய இடத்தில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு: ‘சென்ற இதழில் குளத்து நத்தைகள் குறித்து வெளியான கட்டுரையை அதை எழுதியவர் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்.’ யார் என்று இல்லை. ஆனால் அது அப்பாவின் கட்டுரையைப் பற்றியது அல்ல என்பது படிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும்.

சிக்கல் என்னவென்றால், இங்கே யாரும் படிப்பதில்லை. இயந்திரம் ‘திரும்பப் பெறு’ என்கிற சொல்லைத் தேடுகிறது. எந்தக் கட்டுரையின் பக்கத்தில் கிடைக்கிறதோ அதன் தலையில் முத்திரையைக் குத்திவிடுகிறது. இந்தக் காலத்து இதழ்களில் அறிவிப்புக்குத் தனிப் பக்கம் உண்டு. காகிதம் வீணாகக்கூடாது என்று ஒருவர் கட்டுரைக்கு அடியில் இன்னொருவர் சங்கதியை அச்சடிப்பார்கள் என்று இந்த விதியை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

முத்திரையை எடுக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது. மேலே எழுதிக் கேட்டிருக்கிறேன். மனுவில் என் அப்பா என்று சொல்லவில்லை.

அப்பா எப்படி... சரி, விடு. பதில் வந்ததும் எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

‘அப்பா எப்படி’ என்று ஆரம்பித்துவிட்டு ‘விடு’ என்கிறாய். உனக்கு எதையும் பாதியில் விடுவது கைவந்த கலை. அப்பா இருக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், நான் மருந்துக்கடை வேலை முடிந்து வர நேரமானால் மேசைமேல் இருக்கும் மாத்திரையைக் கண்டுபிடிக்க முடியாமல் என்னைத் திட்டுகிறார்.

அந்த அறிவிப்பைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்டேன். குழந்தை மாதிரி சிரித்தார். “அத எங்க போடறதுன்னு பெரிய ரகளை. யாரு கட்டுரைக்கு அடியில போட்டாலும், என்னப் பத்தின்னு நெனச்சுக்குவாங்கன்னு மொகத்தத் தூக்கிக்கிட்டாங்க. நம்மளுதுல பாதிப் பக்கம் சும்மா கெடந்துச்சு. இங்க போட்டுக்குங்கன்னு குடுத்துட்டேன்” என்றார்.

“பேரப் போட்டிருக்கலாம்லப்பா?”

“எதுக்கு? அவனே தப்ப ஒத்துக்கிட்டு வாபஸ் வாங்கறான். அதுக்கு மேல தண்டோரா வேற போடணுமா?”

யாரென்று கேட்டேன். காது கேட்காதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள். தாடி மாமாதான். ஓடையில் அப்பா பார்த்துவைத்திருந்த நத்தையைக் குளத்தில் பார்த்ததாக, அந்தக் குளத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் எழுதிவிட்டார். அப்பா நல்ல எண்ணத்தில் அதைச் சரிபார்க்கப் போனார். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். அம்மாதான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு சேற்றில் இறங்கித் துழாவினாள். ஒரு நத்தை இல்லை. நம் வீட்டில் உட்கார்ந்து மாமா டீ குடித்துக்கொண்டிருந்தபோது, “அண்ணே, அந்தக் கொளத்துல ஒண்ணுமே இல்லையே” என்று வெகுளியாகக் கேட்டிருக்கிறாள். மாமாவுக்குப் புரையேறிவிட்டதாம்.

உங்கள் நூலகத்தில் மாமாவின் கட்டுரையையும் திறந்து பார்த்தேன். பளிச்சென்று இருக்கிறது. மருந்துக்குக்கூடச் சிவப்பு இல்லை. போகாத குளத்தைப் பற்றி எழுதியவர் உத்தமர், சேற்றில் இறங்கினவள் புருஷன் பொய்யன். நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்.

அம்மா கண்ணை மூடின வாரமும் உனக்கு ஏதோ ஒரு இதழ் ஏறிக்கொண்டிருந்தது. அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. இந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காக முடி.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

பதில் வந்துவிட்டது. ஆதாரம் தெளிவாக இருக்கிறதாம். ஆனால் ஆதாரத்தை வைத்து முத்திரையை எடுக்க விதி இல்லையாம். இதழாசிரியர் கையெழுத்துப் போட்டுக் கேட்கவேண்டும். நம் இதழுக்கு இதழாசிரியர்கள் என்று பதிவாகியிருப்பது இரண்டு பேர். ஒருவர் அப்பா. கட்டுரையை எழுதியவரும் அவரே என்பதால் தன் கட்டுரைக்குத் தானே பரிந்து பேசக்கூடாது. மற்றவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

என் மேலதிகாரியிடம் அறிவிப்பைப் பெரிதாக்கிக் காட்டினேன். “பாவம்தான்” என்றார். “பெரியவர் உயிரோட இருக்காரா?” என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். “அப்ப அவசரமில்லை, மெதுவா கையெழுத்து வாங்குங்க” என்றார். இப்படிப்பட்டவர்களோடுதான் நாள் முழுவதும் குப்பை கொட்டுகிறேன்.

மாமாவைப் போய்ப் பார். வேறு வழி இல்லை.

அப்புறம் ஒன்று. எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மா போன அன்று போனில் நீ, “இப்ப என்னத்துக்குக் கேக்கற? நீ வரவே வேணாம்” என்று கத்தினாய். நான் அப்போது பையோடு பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் வந்து நின்றது, கிளம்பியும் போய்விட்டது. ஏறவில்லை. உன்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. வேலை இருந்ததால் வரவில்லை என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய், அதனால் எழுதினேன்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

பஸ் நிலைய விஷயத்தை மூன்று முறை படித்தேன். கோபத்தில் ஆயிரம் சொல்வேன். சின்ன வயதில் ‘செத்துப் போ’ என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் காதில் வாங்காதவன் இதை மட்டும் ஏன்டா வாங்கினாய்? இதைப் பிறகு பேசுவோம். இப்போது தெம்பு இல்லை.

மாமாவைப் பார்த்தேன். தாடி மாமாவுக்கு இப்போது தாடி இல்லை. முகம் மொழுமொழுவென்று இருக்கிறது. அதைப் பார்த்ததும், இந்த மனிதரிடம் காரியம் ஆகாது என்று எனக்கு ஏனோ பட்டுவிட்டது. முன்னறை முழுக்க அவர் பொன்னாடையோடு நிற்கிற படங்கள். மாதக் கடைசியில் பழைய மாணவர்கள் சேர்ந்து அவருக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள். அவருடைய கட்டுரைகளை எல்லாம் ஒரே புத்தகமாகப் போடுகிறார்கள். எந்தக் கட்டுரை முதலில் இருக்கிறது தெரியுமா? குளத்து நத்தை.

விஷயத்தைச் சொன்னேன். அப்பாவின் பக்கத்தைச் செல்போனில் காட்டினேன். “அடடா, அநியாயமா இருக்கே!” என்று நெஞ்சில் கை வைத்தார். இந்த அறிவிப்பு உங்கள் கட்டுரையைப் பற்றியது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றதும் அந்தக் கை கீழே இறங்கியது. “அப்படி ஒண்ணு நடந்ததா ஞாபகமே இல்லையேம்மா” என்றார். அம்மா சேற்றில் இறங்கியதைச் சொன்னேன். “அவங்க தங்கமான மனுஷி” என்றார். அத்தையைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு டீ கொண்டுவரச் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன். வாசல்வரை வந்து, “உங்கப்பாவுக்கு இது தெரியுமா?” என்று தணிந்த குரலில் கேட்டார். தெரியாது என்று சொல்லித் தொலைத்தேன்.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

ஒரு சந்து இருக்கிறது. விதிப் புத்தகத்தை வரி வரியாகப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

ஒரு முத்திரையில் சந்தேகம் வந்தால் நூலகமே இதழாசிரியர்களுக்கு ஒரு கேள்வி அனுப்பலாம். ‘இக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா? ஆம் / இல்லை.’ இது மனு இல்லை, வெறும் விசாரணை. அதனால் கட்டுரையை எழுதியவர் என்றாலும் அப்பா பதில் சொல்லலாம். ‘இல்லை’ என்று ஒரே ஒருவர் சொன்னால் போதும், விசாரணை முடிகிறவரை முத்திரையை எடுத்தே ஆகவேண்டும். விசாரணை இங்கே ஆமை வேகத்தில்தான் நடக்கும். அதற்குள் தொகுப்பு நூல் வந்துவிடும்.

நாளை இருவருக்கும் மெயில் போகும். மாமா பதிலே போடமாட்டார், போடவும் வேண்டாம். அப்பா ‘இல்லை’யை அழுத்தினால் முடிந்தது. ஆனால் அவரிடம் சொல்லாமல் இதைச் செய்ய முடியாது. லைப்ரரி சீல் கதையை இனி ஓட்டாதே. பக்குவமாகச் சொல்.

ரொம்ப நாளைக்குப் பிறகு நேற்று ஆபீஸிலிருந்து வரும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ஏன் என்று பிறகுதான் உறைத்தது.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

உனக்கு இந்நேரம் பதில் வந்திருக்கும். இருந்தாலும் நானே சொல்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். பக்கத்தைச் சிறிதாக்கி, பூதக்கண்ணாடியை வைத்து முத்திரையை எழுத்து எழுத்தாகப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “என்னோடதுல குத்திட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார். ‘இல்லை’ பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். “நாளைக்கு அழுத்தறேன். இன்னிக்குக் கண்ணு வலிக்குது” என்றார்.

மறுநாள் நான் கடையில் இருந்தபோது மாமா வந்திருக்கிறார். அவருக்கும் மெயில் போயிற்றே, பதில் போடமாட்டார் என்று நினைத்தோமே தவிர, நேரிலேயே வருவார் என்று நாம் இருவருமே யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத மனிதர் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது இரண்டு காலி டம்ளர்கள் மேசையில் இருந்தன. அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“அழுத்திட்டேம்மா.”

“இல்லைன்னுதானே?”

“ஆமான்னு.”

எனக்கு அப்போதும் புரியவில்லை. தவறிப்போய் அழுத்திவிட்டார், கண் தெரியவில்லை என்று நினைத்து, மாற்றிவிடலாம்ப்பா என்றேன். “கண்ணாடிய வெச்சுப் பாத்துத்தான் அழுத்துனேன்” என்றார்.

கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். அவர் அசையவில்லை. “அவன் பேரு வெளிய வராதுன்னு அன்னிக்கு வாக்குக் குடுத்தேன். இல்லைன்னு அழுத்துனா அடுத்த கேள்வி, அப்ப யாருதுன்னு வரும். இந்த மாசம் அவனுக்கு மேடை. அவன் இங்க உக்காந்து அழுதான்மா” என்றார்.

“அம்மா? அம்மா எறங்கித் தேடுனது?”

 “அவளுக்குப் பேரு மேல எல்லாம் ஆசை கெடையாது” என்றார். அதை எப்படி அவர் முடிவு செய்யலாம்? ஆசை இருந்தாலும் எந்த அம்மா அதை வெளியே சொல்லிக்கொண்டிருப்பாள்? அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு என் அறைக்குப் போய்விடுகிறேன்.

உன்னால் ஏதாவது செய்ய முடியுமா? அவர் பதில் வராத மாதிரி, தொலைந்த மாதிரி?

அக்கா


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

முடியாது. இதழாசிரியரே உறுதி செய்துவிட்டார். இதற்கு மேல் வலுவான சாட்சி இந்த நூலகத்தில் கிடையாது. இதுவரை இயந்திரத்தின் தவறு. இனி அது அப்பாவின் வாக்குமூலம். அதைப் பதிவில் ஏற்றுகிற வேலை என் மேசைக்குத்தான் வந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாவது நாள் ஏற்றினேன்.

தொகுப்பு அம்மாவுக்கு நானும் ஒரு மெயில் எழுதினேன், மகன் என்றே சொல்லி. நல்ல மாதிரி. உடனே பதில் போட்டார். எழுதியவரே ஒத்துக்கொண்ட பிறகு தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார். ஓடை விடுபடுகிறது. அந்த நத்தைக்கு ஆதாரமாக மாமாவின் கட்டுரையைக் காட்டுகிறார்கள். இனி யாராவது அதைத் தேடிப்போனால் குளத்துக்குத்தான் போவார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. அழிந்துவிட்டது என்று எழுதி வைப்பார்கள்.

என்னால் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடிந்தது. முத்திரையை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. பக்கத்தில் அது எங்கே விழவேண்டும் என்று மாற்றலாம். கடைசிப் பக்கத்தில் மட்டும் அதைக் கீழே இறக்கிவிட்டேன். அம்மாவின் வரி இப்போது வெள்ளையாக, முழுசாக இருக்கிறது. சிவப்பு எல்லாம் அந்த அறிவிப்பின் மேல் விழுகிறது. அதை இனி யாரும் படிக்க முடியாது. படித்துத்தான் என்ன ஆகப்போகிறது?

அப்பாவிடம் பேசு. நான்தான் பேசாமல் இருக்கிறேன், நீயுமா?

நான் ஊருக்கு வரட்டுமா? வரவேண்டாம் என்றால் இந்தத் தடவை நேராகவே எழுதிவிடு.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

கடைசிப் பக்கத்தைத் திறந்து அப்பாவிடம் காட்டினேன். பேசிவிட்டேன், ஆமாம். உன் பெயரைச் சொல்லித்தான் காட்டினேன்.

பூதக்கண்ணாடியை வைத்து அம்மாவின் வரியை வாய்விட்டுப் படித்தார். திரும்ப ஒரு முறை படித்தார். திரையைத் துடைத்தார், அழுக்கு எதுவும் இல்லை. உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது, அதை எழுதிவிடுகிறேன்.

பிறகு முந்தைய பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். கண்ணாடியை அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தார். நம் மேசையில் அச்சுப்படி திருத்துவாரே, அதே முகம். “மத்த பக்கத்துல எல்லாம் நடுவுல இருக்கு. இதுல மட்டும் கீழ எறங்கிக் கெடக்கு. பாக்கறவங்க, ஏன் இங்க மட்டும்னு யோசிப்பாங்க. அடியில என்ன இருக்குன்னு தோண்டுவாங்க. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு அவன்கிட்டச் சொல்லு” என்றார்.

அப்பா, அது அம்மாவின் வரி மேல் விழும் என்றேன்.

“எனக்குத்தான் மனப்பாடமாச்சே” என்றார்.

அன்றிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்கிறார், சரி பண்ணிட்டானா என்று. நானும் இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார், இறங்கவில்லை. மாமாவின் விழா நாளைக்கு. அழைப்பிதழ் வந்தது. நான் அதை அவர் கண்ணில் காட்டவில்லை.

நீ வரட்டுமா என்று கேட்டதையும் சொன்னேன். “அந்த வேலைய முடிச்சிட்டு வரச் சொல்லு” என்றார்.

எனக்கும் போராடத் தெம்பு இல்லை. முத்திரையைப் பழையபடி நடுவில் வைத்துவிடு. வைத்துவிட்டுக் கிளம்பி வா.

அக்கா